வாசலிலிருந்து அளக்கும் பசுமை



நகரங்களின் பசுமையை எப்படி அளப்பது என்பது பற்றித் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "கொழும்பில் பேச வேண்டியதை அங்கே போய் ஏன் பேசுகிறீர்கள்? திரும்பிய பக்கமெல்லாம் பச்சைதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இன்றைய உரை.

பசுமையை அளக்க உலகம் இன்று வைத்திருக்கும் அளவுகோல்களில் பெரும்பாலானவற்றை இந்த மலைச் சரிவில் கொண்டுவந்து வைத்தால் நமக்கு முழுப் புள்ளி கிடைக்கும். அது அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதுதான் என்னைச் சந்தேகப்பட வைக்கிறது. கண்ணுக்கு எட்டும் பசுமை வேறு, கைக்கு எட்டும் பசுமை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காத எண் பாதி எண்தான். வானத்திலிருந்து அளந்ததை வாசலில் நின்றும் அளந்தாக வேண்டும். இந்த ஒரே கருத்தை ஏழு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. ஆளுக்கு எவ்வளவு?

நகரத்துக்குள் மரமும் வெளியும் வேண்டும் என்பது புதிய எண்ணமல்ல. எபனேசர் ஹவார்ட் தோட்ட நகரம் பற்றிய தன் நூலை 1898இல் வெளியிட்டார். அந்தச் சிந்தனை நம் தீவுக்கும் வந்தது. மதராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிய நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ், 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்ட அறிக்கை தந்தார். மர நிழல் வீதிகளும் பூங்காக்களும் கொண்ட நகரமாகக் கொழும்பைக் காணும் ஆசை அந்த அறிக்கையோடு உறுதிப்பட்டது.

ஆசையை எண்ணாக்கும்போது முதலில் பிறந்த அளவுகோல் "ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர்" என்பது. பூங்காக்களின் பரப்பைக் கூட்டி மக்கள்தொகையால் வகுத்தால் எண் வந்துவிடும். ஆளுக்கு 9 சதுர மீட்டர் என்ற எண் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. இந்தியாவின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது.

இந்த அளவுகோலின் சிறப்பு எளிமை. குறையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. நகரத்தின் ஒரு மூலையில் பெரிய காடு ஒன்று இருந்தால், மறு மூலையில் ஒரு புல்லும் இல்லாத சேரிக்கும் அந்தக் காட்டின் பங்கு காகிதத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வகுத்தல் கணக்கு யாருடைய வீட்டுக்கும் நடந்து போய்ப் பார்ப்பதில்லை.

2. எல்லைக் கோடு எங்கே?

பரப்பைக் கூட்டுவதற்கு முன்னால் எதை நகரம் என்று கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு பாதி விடையை அப்போதே எழுதிவிடுகிறது.

இந்திய வன அளவீட்டு நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஏழு பெருநகரங்களின் காட்டுப் பரப்பைத் தனியே வெளியிட்டது. டில்லிக்கு 194.24 சதுர கிலோமீட்டர், சென்னைக்கு 22.70, கொல்கத்தாவுக்கு 1.77. எண்களை மட்டும் பார்த்தால் டில்லி ஒரு வனம், கொல்கத்தா ஒரு பாலைவனம். ஆனால் டில்லி என்று எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 1,483 சதுர கிலோமீட்டர் கொண்ட முழுத் தலைநகரப் பிரதேசம். ஆரவல்லி மலைத்தொடரின் வால் பகுதியும் அதற்குள் அடக்கம். கொல்கத்தா என்று எடுத்துக்கொண்டது நெருக்கிக் கட்டிய மாநகராட்சி எல்லை மட்டும். சென்னை மாநகராட்சி 2011இல் சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. ஒரு மரமும் நடாமல், ஒரு மரமும் வெட்டாமல், ஒரே நாளில் அந்த நகரத்தின் பசுமைக் கணக்கு மாறிப்போனது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். இலங்கையின் தொகைமதிப்பு, மக்கள் வாழும் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறது. மாநகர சபையும் நகர சபையும் ஆளும் இடங்கள் நகரத் துறை. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டங்கள் தோட்டத் துறை. எஞ்சியவை எல்லாம் கிராமத் துறை. 2012 கணக்கில் நாட்டு மக்களில் 18.2 சதவீதம் நகரம், 77.4 சதவீதம் கிராமம், 4.4 சதவீதம் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தை மட்டும் எடுத்தால், பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையில் வருகிறார்கள்.

இந்த மாவட்டத்தில் நகரம் என்ற தகுதி நுவரெலியா மாநகர சபைக்கும், ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை நகர சபைகளுக்கும் உண்டு. ஹட்டன் கடைவீதியைச் சுற்றி எல்லைக் கோட்டை இறுக்கிப் போட்டால் கல்லும் சீமெந்தும் தகரமுமான ஒரு சிற்றூர் கிடைக்கும். கோட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சுற்றியுள்ள தோட்டங்களையும் உள்ளே இழுத்தால் உலகின் மிகப் பசுமையான நகரங்களில் ஒன்று கிடைக்கும். இரண்டு விடையும் ஒரே ஊருக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தோட்டத்து லயத்தைக் கிராமம் என்று சொல்ல முடியுமா? ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவராக, பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். முன்னால் ஒரு நடைபாதை, அதை ஒட்டிக் கான். தனக்கென்று நிலம் இல்லை. குடியிருப்பின் அடர்த்தியையும் நிலமின்மையையும் பார்த்தால், லயம் பெருநகரத்துச் சேரித் தெருவுக்குத்தான் நெருக்கம். ஆனால் நகரப் பசுமையை ஆராய்பவர்கள் லயத்துப் பக்கம் வருவதில்லை, ஏனென்றால் அது நகரம் இல்லை. கிராமக் காணி, கிராம வனம் பற்றிப் பேசுபவர்களும் வருவதில்லை, ஏனென்றால் அது கிராமமும் இல்லை. இரண்டு கணக்குப் புத்தகங்களுக்கும் வெளியே நிற்கும் மக்கள் இவர்கள்.

3. செய்மதியின் கண்

எல்லைச் சண்டையைத் தவிர்க்க வந்தது செய்மதி. இலை, சிவப்பு ஒளியை உணவு சமைக்க உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் −1க்கும் +1க்கும் இடையே ஒரு எண் வரும். இதற்குத் தாவரச் சுட்டெண் என்று பெயர். அடர்ந்த இலைப்பரப்பு 1ஐ நெருங்கும். தகரமும் தாரும் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். 1972இல் முதல் லேண்ட்சாட் செய்மதி பறந்த காலத்திலிருந்து இந்தக் கணக்கு போடப்படுகிறது. 2015இல் சென்டினல் - 2 வந்தபின் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் வரை இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தக் கண்ணுக்குத் தேயிலை மலை எப்படித் தெரியும்? இடைவெளி இல்லாமல் விரித்த பச்சைப் பாய். மிக உயர்ந்த எண். ஆனால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது அந்த மலை வெறும் குச்சிகளாக நிற்கும். எண் சரேலென்று விழும். தோட்டம் அழிந்துவிட்டதா? இல்லை, அது தேயிலையின் வழக்கமான ஓய்வு. மறுபுறம், நிர்வாகம் கைவிட்டு மானாப் புல்லும் கொடியும் ஏறிய மலை, நன்றாகப் பராமரித்த மலையைப் போலவே பச்சையாகத் தெரியும். வாழ்வதும் பாழ்படுவதும் ஒரே நிறத்தில் வரும் இடம் இது. போதாததற்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சரிவுகளின் மேல் முகில் மாதக்கணக்கில் குந்தியிருக்கும். ஒளியை நம்பும் செய்மதிக்கு அப்போது வெள்ளைத் துணிதான் தெரியும்.

இப்போது ஒரு லயத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். பத்தடி அகலமுள்ள பன்னிரண்டு காம்பராக்கள் (குடும்பத்துக்கு ஒரு அறை), ஒற்றை வரிசை. நீளம் 120 அடி, அதாவது ஏறத்தாழ 37 மீட்டர். இஸ்தோப்பு என்னும் முன் திண்ணையையும் சேர்த்து ஆழம் சுமார் 20 அடி, அதாவது 6 மீட்டர். லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் 30க்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர். நம் கணக்கில் 35 பேர்ச்சுக்கு மேல். அந்தக் கட்டத்தின் குறுக்கே லயம் படுத்திருந்தால் கூரை அடைப்பது 180 சதுர மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு தேயிலை. தேயிலைக்கு 0.8 என்றும் தகரத்துக்கு 0.1 என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், அந்தக் கட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.66. வரைபடத்தில் அது கரும்பச்சை. பன்னிரண்டு குடும்பங்களும் அவர்களுடைய கூரையும் பச்சைக்குள் கரைந்து காணாமல் போகின்றன.

செய்மதி பொய் சொல்லவில்லை. இலை எங்கே என்று கேட்டோம், சொன்னது. ஆள் எங்கே என்று நாம் கேட்கவில்லை.

4. செடியும் மரமும் காடும்

இலையை எண்ணினால் போதாது, மரத்தை எண்ணுவோம் என்று அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பின் வரையறைப்படி, அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள் பத்து சதவீதத்துக்கு மேல் விதானம் விரித்தால் அது காடு. விவசாயமே முதன்மையான நிலம் அதில் சேராது. ஆகவே தேயிலை மலை காடு அல்ல. இந்திய வன அறிக்கையின் வரையறை வேறு. ஒரு ஹெக்டேயருக்கு மேல், பத்து சதவீத விதானம் இருந்தால், நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்று பார்க்காமல் காட்டுப் பரப்பில் சேர்த்துக்கொள்வார்கள். நிழல் மரம் அடர்ந்த தேயிலை மலை அந்தக் கணக்கில் காடாகிவிடலாம். பாக்கு நீரிணையைத் தாண்டினால் அதே மலை பெயர் மாறும்.

தேயிலையை வெட்டாமல் விட்டால் அதுவும் மரமாக வளரும் என்பது உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டும் உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. அதன் நடுவே சபுக்கு என்று பலரும் சொல்லும் கிரவிலியாவும் முள்முருக்கும் நிழலுக்காக நிற்கின்றன. உயரத்தில் யூக்கலிப்டஸ் தோப்புகள். இவற்றில் எதுவும் தேயிலைக்கும் முந்திய கோப்பித் தோட்டங்கள் வருவதற்கு முன்னால் இங்கே நின்ற காட்டுக்கு ஈடாகாது. கோப்பிக்காகக் காடு எந்த வேகத்தில் விழுந்தது என்பதைக் கண்டு ஆட்சியாளர்களே அஞ்சினார்கள். இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த யோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று 1873இல் ஆலோசனை சொன்னார். நீரூற்றுகளைக் காப்பதே அதன் நோக்கம். ஹோர்டன் சமவெளி இன்று மிச்சமிருப்பதற்கு அந்த உயரக் கோடு ஒரு காரணம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் போகிறது. ஹோர்டன் சமவெளி, சிவனொளிபாத மலை வனம், நக்கிள்ஸ் மூன்றும் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்தன.

அந்தப் பழைய உயரக் கோட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அது நிறத்தைப் பார்க்கவில்லை, பயனைப் பார்த்தது. இந்தப் பச்சை தண்ணீரைப் பிடித்து வைக்குமா, மண்ணைப் பிடித்து வைக்குமா என்று கேட்டது. சரிவில் மண் நிற்பதும் சரிவதும் பாறை, சாய்வு, வடிகால், வேர், மழை எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. முந்திய நாள் செய்மதிப் படத்தில் அந்த இடம் பச்சையாகத்தான் இருந்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் சரிந்த மலைகளும் தொலைவிலிருந்து பார்த்தவருக்குப் பச்சை மலைகளே. பசுமைக் கணக்கும் மண்சரிவு அபாய வரைபடமும் ஒரே மேசையில் விரிக்கப்படாதவரை, கரும்பச்சை நம்மைக் காக்கும் என்று நம்ப வழியில்லை.

5. வீதியிலிருந்தும் சன்னலிலிருந்தும்

மேலிருந்து பார்த்தது போதும், மனிதனின் கண் உயரத்துக்கு இறங்குவோம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ட்ரீபீடியா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வீதியில் போகும் காரிலிருந்து கூகிள் எடுத்த படங்களில் எத்தனை சதவீதம் பச்சை என்று கணினி எண்ணும். சிங்கப்பூருக்கு 29.3 சதவீதம், பாரிசுக்கு 8.8 சதவீதம் என்று வந்தது. பாரிசின் பெரும் பூங்காக்கள் வீதியில் நிற்பவன் கண்ணில் படாததால் அந்த நகரம் பின்தங்கியது. நியாயமான பார்வைதான். ஆனால் இந்த அளவுகோல் கார் போகும் வீதியை நம்பியிருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா ஏறும் ஏ - 7 வீதியில் எந்த வளைவில் படம் எடுத்தாலும் பச்சைதான் விழும். லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் கார் போகாது.

2021இல் செசில் கோனைனென்டைக் என்ற நகர வனவியல் அறிஞர் வீட்டிலிருந்தே தொடங்கும் ஒரு விதியை முன்வைத்தார். வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர விதானம் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமை வெளி வேண்டும். நான் சொல்லவந்த வாசலுக்கு மிக அருகில் வந்த அளவுகோல் இதுதான். அதனால் இதை லயத்தில் வைத்துப் பார்ப்போம்.

மூன்று மரம்: இஸ்தோப்பில் நின்றால் மூன்று என்ன, முப்பது தெரியும். முழுப் புள்ளி. ஆனால் அவற்றில் ஒன்று லயத்துக்கு மேற்பக்கம், கூரையைவிடப் பல மடங்கு உயர்ந்து சாய்ந்து நிற்கும் யூக்கலிப்டஸாக இருக்கலாம். காற்று மாதங்களில் அந்தக் குடும்பம் இரவில் உறங்காமல் அதன் முறியும் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கும். மரம் விழுந்து லயம் சேதம் என்ற செய்தி ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. அதை வெட்ட அந்த வீட்டாருக்கு அதிகாரம் இல்லை. நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும், அது அனுமதிகளுக்கு எழுத வேண்டும். நிழல் மரத்தில் குளவிக் கூடு, தேயிலை அடிவாரத்தில் சிறுத்தை, ஈரத்தில் அட்டை. மரத்தைக் கண்டால் மனம் குளிரும் என்று எழுதும் நூல்கள் இந்தப் பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

முப்பது சதவீத விதானம்: இடுப்பு உயரத் தேயிலையை விதானம் என்று எண்ணினால் நூறு சதவீதத்தை நெருங்கலாம், எண்ணாவிட்டால் பல மலைகளில் நிழல் மரங்கள் முப்பதை எட்டாது.

முந்நூறு மீட்டர்: தேயிலை மூன்றடியில் தொடங்குகிறது. ஆனால் அது வேலைத்தளம். பசியும் வெயிலும் மழையும் நிறுவைத் தராசும் உள்ள இடம். களைகொல்லி அடித்த மலையில் பிள்ளையை விளையாடவிட யாரும் துணிவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பந்தடிப்பது காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலும் லொறி போகும் பாதையிலும்தான். நகரத்தவருக்குப் பசுமை என்பது வேலையை மறக்கப் போகும் இடம். இங்கே பசுமைக்குள் இறங்குவதுதான் வேலை.

6. யாருடைய பச்சை?

இப்போது அனுமதி என்ற கேள்விக்கு வருகிறோம். என் பார்வையில் இதுவே எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

நுவரெலியா நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1889இல் தொடங்கிய கோல்ஃப் மைதானம் செய்மதிக்கு மிக அழகான பச்சை, ஆனால் அது கழகத்தின் மைதானம். விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைர விழாவையொட்டி 1897இல் பெயர் பெற்ற விக்டோரியா பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. 1938இல் சரணாலயமாகி 2006இல் தேசிய பூங்காவான கல்வேஸ் நிலம், ஏறத்தாழ 30 ஹெக்டேயர் உண்மையான மலைக்காடு. அதற்கும் சீட்டும் விதிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. பசுமைக் கணக்கில் மூன்றும் ஒரே நிரலில் கூட்டப்படுவதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது.

தோட்டங்களுக்கு வருவோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வாகத்தை ஏற்றன. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. அந்தப் பச்சையை நட்டு, களை பிடுங்கி, கவ்வாத்து வெட்டி, கொழுந்து பறித்துத் தலைமுறை தலைமுறையாகப் பச்சையாகவே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதில் ஒரு செடி நட உரிமை இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த தடையால் சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிட முடியாத நிலை நீண்ட காலம் இருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலோடு அம்பகமுவை மூன்றாகவும் நுவரெலியா மூன்றாகவும் பிரிந்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்று புதிய பிரதேச சபைகள் வந்தன. வாசலிலிருந்து அளக்கும் கணக்கை வாங்கிப் பார்க்க இப்போது ஒரு மேசை இருக்கிறது.

லயத்து இஸ்தோப்பின் ஓரத்தைப் பாருங்கள். பழைய பெயின்ட் வாளியில் ரோஜா. வாய் உடைந்த பிளாஸ்டிக் குடத்தில் கொத்தமல்லி. உரப்பையில் வெங்காயத்தாள். கானுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழ அகலத்தில் செவ்வந்தி. கூரைத் தகரத்தின் விளிம்பைப் பிடித்து ஏறும் சௌசௌக் கொடி. மண்ணைச் சுமந்து வந்து வாளியில் கொட்டிச் செடி வைப்பவர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் மண் கிடக்கிறது. பச்சைக்கும் உரிமைக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அளவுகோல் எனக்குத் தெரியாது. எந்தச் செய்மதிக் கட்டத்திலும் விழாத இந்த வாளிகளைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் காணி உரிமை கேட்டார்கள். அதை வீட்டுக் கோரிக்கையாக மட்டுமே எல்லோரும் பார்த்தோம். பசுமைக் கோரிக்கையாகவும் பார்க்கலாம். கணக்கு இதோ. ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று வைத்துக்கொண்டால் 177 சதுர மீட்டர். அதில் 550 சதுர அடி வீடு கட்டினால் 51 சதுர மீட்டர் போகும். மீதி 126. நால்வர் குடும்பத்துக்கு ஆளுக்கு 31 சதுர மீட்டர். பாதையும் மண்தாங்கிச் சுவரும் மலசலகூடமும் பாதியைத் தின்றாலும் ஆளுக்குப் பதினைந்து மிஞ்சும். உலகம் முழுவதும் சுற்றுகிற அந்த 9 சதுர மீட்டரைவிட அதிகம், அதுவும் தன் வாசலில், தன் விருப்பப்படி.

இதனால் தேயிலை அழிந்துவிடும் என்று அஞ்சுவோருக்கும் கணக்கிலேயே பதில் சொல்லலாம். ஒரு லட்சம் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் கொடுத்தால் 1,770 ஹெக்டேயர். நாட்டின் தேயிலைப் பரப்பு ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹெக்டேயர். நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பாதைக்கும் பொது வசதிக்கும் இன்னொரு மடங்கு சேர்த்தாலும் நூற்றில் இரண்டைத் தாண்டாது. கைவிட்டுப் புல் ஏறிய மலைகளே பல இடங்களில் இதற்குப் போதும். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் பத்தாயிரம் வீடுகள் அறிவித்தார். வீட்டின் எண்ணிக்கையை எல்லோரும் எண்ணுகிறோம். வீட்டைச் சுற்றிய மண்ணையும் உறுதிப் பத்திரத்தையும் அதே அக்கறையோடு எண்ண வேண்டும்.

7. வாசலில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

குறை சொன்னவர் மாற்றும் சொல்ல வேண்டும். செய்மதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் வேண்டும். அந்த நிரலை நிரப்ப, ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஐந்து கேள்விகள் போதும்.

முதலாவது, இந்தக் குடும்பம் யாரையும் கேட்காமல் நடவும் வெட்டவும் கூடிய மண் எத்தனை பேர்ச், அதற்கு உறுதி உண்டா? இல்லையென்றால் இஸ்தோப்பில் எத்தனை வாளி?

இரண்டாவது, வேலைக்குப் போகாத முதியவர் பகலில் உட்கார நிழல் எத்தனை எட்டில் இருக்கிறது?

மூன்றாவது, கூரைக்கு இருக்கும் தூரத்தைவிட உயரம் கூடிய மரங்கள் எத்தனை? இதற்கு ஒரு நாடாவும் ஒரு கோணமானியும் போதும். இவை பசுமை நிரலில் கழிக்க வேண்டியவை.

நான்காவது, ஏழு வயதுப் பிள்ளை விளையாடப் போகும் பொதுத் தரை எவ்வளவு தூரம்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 300 மீட்டரை நேர்கோட்டில் அளக்கச் சொல்கிறது. மலையில் நேர்கோடு உதவாது, படிக்கட்டோடு நடந்து அளக்க வேண்டும். இருட்டிய பிறகு பெண்பிள்ளை அங்கிருந்து தனியே வீடு திரும்ப முடியுமா என்பதும் இதே கேள்வியின் மறுபாதி. 2030க்குள் எல்லோருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும் சிறுவருக்கும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், பாதுகாப்பான பசுமை வெளி என்று ஐக்கிய நாடுகளின் இலக்கு 11.7 சொல்கிறது. நாமும் ஒப்புக்கொண்ட இலக்கு அது.

ஐந்தாவது, லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே என்ன நிற்கிறது, காடா, யூக்கலிப்டஸா, மரக்கறிப் பாத்தியா?

சம்பளத்துக்கே போராடும்போது பசுமையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். இந்த ஐந்தில் எது ஆடம்பரம் என்று எனக்குத் தெரியவில்லை. காணி, நிழல், உயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு, தண்ணீர். இவற்றைத்தான் கேட்டிருக்கிறோம்.

இந்த அவையில் புவியியல் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உயர்தர மாணவர் ஐந்து பேரும் ஒரு நாடாவும் இருந்தால் ஒரு லயத்தை ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம். ஒரு தவணைக்குள் ஒரு தோட்டப் பிரிவு முழுவதையும் அளந்து, அதை உங்கள் பிரதேச சபையின் அமர்வில் எழுத்தில் கொடுங்கள். செய்மதி தரும் எண் ஒரு நிரலிலும் வாசலில் கிடைத்த எண் மறு நிரலிலும் இருக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களும் இருக்கும், அங்கே மகிழ்வோம். எங்கே 0.8க்கு எதிரே பூச்சியம் நிற்கிறதோ, அங்கேதான் சபையின் முதல் ரூபாயும் அரசின் முதல் உறுதிப் பத்திரமும் போக வேண்டும். அந்த இரண்டாம் நிரல் நிரம்பும் வரை, மலையகம் பசுமையானது என்பதை அரை உண்மை என்றே நம் பாடக் குறிப்பில் எழுதி வைப்போம்.